ஆத்துப் படத்தின் கடைசி றீல்

இருட்டறைக்குள் இருந்து ஊருக்கே படம் காட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்றாவது ஆண்டு வருகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. மனதுக்குள் கதைத்தால் போதும் என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது போதவில்லை. கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கோபமும் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புதினத்தைக் கேளுங்கள். நாங்கள் இப்போது குருநகரில் இல்லை. ஷெல்லுக்குப் பயந்து வெளிக்கிட்டு, சாவகச்சேரிப் பக்கம் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருக்கிறோம். எங்கள் தெருச் சனத்தில் பாதிப்பேர் இதே காணிக்குள்தான். கடலைக் கண்ணால் கண்டே மாதக்கணக்காகிவிட்டது. நீங்கள் ஆயுள் முழுக்கப் படம் ஓட்டிய தியேட்டருக்கு இப்போது கூரை இல்லையாம். உங்கள் மெஷின் அறைச் சுவர் மட்டும் நிற்கிறதாம், வெளிச்சம் வெளியே வருகிற அந்தச் சின்ன ஓட்டையோடு.

கரண்ட் இல்லை. பற்றரியும் வருவதில்லை. அதற்காக எங்கள் சனம் றேடியோவை விட்டுவிடுமா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கேட்கிறோம். என்னைக் கட்டிய உங்கள் மருமகன்தான் இந்தக் காணியின் மின்சாரசபை. கை உளைந்து அவர் நிறுத்தினால் நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும். பாவம், வாய் திறக்காமல் திரும்பச் சுற்றுவார்.

அப்படித்தான் ஞாயிறு பின்னேரம் இந்திய றேடியோவில் ஒரு பேட்டி போனது. வயதான தெலுங்குப் பட இயக்குநர் ஒருவர். பெயரைக் கேட்டு ஒருவருக்கும் ஆள் பிடிபடவில்லை. பேட்டி எடுத்த பெண் அவருடைய பழைய படம் ஒன்றைச் சொன்னதும், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு றெஜினா அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எங்கடை ஆத்துப் படமெல்லோ இது?"

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். ஆறே இல்லாத எங்கள் ஊருக்கு அந்தத் தெலுங்கு நாட்டு ஆறு பெரிய புதினமாக இருந்ததால், படத்தின் சொந்தப் பெயரை அன்றைக்கே ஒருவரும் சொன்னதில்லை. ஆத்துப் படம்தான். வெள்ளத்தில் போன ஓடக்காரன் திரும்பி வரவில்லை. தாலியைக் கழற்று என்று ஊர் சொல்கிறது, அவன் மனைவி மாட்டேன் என்கிறாள். கரையில் காத்திருக்கிறாள். கடைசியில் தூரத்தில் ஓடம் ஒன்றின் பாய் தெரிகிறது, அவள் தண்ணீருக்குள் இறங்கி ஓடுகிறாள். முடிந்தது படம். எங்கள் தியேட்டரில் அப்படித்தான் முடிந்தது, இல்லையா அப்பா?

மாமியும் வந்து சாக்கை விரித்து இருந்தார். உங்கள் அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அந்தப் படம் வந்த வருஷம்தான் மாமா கடலுக்குப் போய், வள்ளமும் வராமல் ஆளும் வராமல் போனது. மாமி படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை. மாமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க ஒருவரையும் விடவில்லை. செத்தவர்களுக்குத்தானே பூசை என்பார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். ஷெல்லடிக்குள்ளும் போனவர் அவர்.

இயக்குநர் நல்ல மனுசன் போலத்தான் கதைத்தார். தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு, இடைக்கிடை இருமல். ஆற்றங்கரையில் மாதக்கணக்காக மழைக்குக் காத்திருந்ததைச் சொல்லிச் சிரித்தார், எங்கள் சனமும் சிரித்தது. அப்போதுதான் அந்தப் பெண் படத்தின் முடிவைப் பற்றிக் கேட்டாள்.

"எல்லாரும் கேக்குறாங்கம்மா, அவன் திரும்பி வந்த மாதிரி எடுத்திருக்கலாமேன்னு. எப்படி எடுக்கறது? அந்த ஓடத்துல வந்தது வேற ஆளுங்க. அவனோட துண்டை மட்டும்தான் கொண்டு வந்தாங்க. அதைக் கையில வாங்கிட்டு அந்தப் பொண்ணு..."

றேடியோ நின்றுவிட்டது. உங்கள் மருமகன் பெடலைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். அந்த மனுசனை அன்றைக்கு ஏசாத ஆள் இல்லை. பதறிப்போய் அவர் திரும்பச் சுற்ற, நன்றி வணக்கம் என்று ஒரு குரல் வந்தது, பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். கிழவனுக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது என்றார் ஒருவர், தன்னுடைய படம் எப்படி முடிந்தது என்றே தெரியாமல் பேட்டி கொடுக்கிறாராம். தெலுங்கு ஆட்களுக்கு ஒரு முடிவும் தமிழ் ஆட்களுக்கு ஒரு முடிவும் எடுத்திருப்பார்கள் என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். றெஜினா அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "அவன் ஓடத்தாலை இறங்கி வந்து அவளின்ரை கண்ணைத் துடைச்சவன். நான் இந்தக் கண்ணாலை பாத்தனான். எனக்குக் கதை விடுறாரோ?"

ஓம் ஓம், துடைத்தவன்தான் என்று நாலைந்து பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட ஞாபகம். கறுப்பு வெள்ளைப் படம் அப்பா அது.

சிரிக்காதீர்கள். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. உங்கள் மெஷின் அறையில் ஸ்ரூல் மேல் ஏறி நின்று, அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யோசித்துப் பார்த்தால் பாய் மட்டும்தான் வருகிறது. அதற்குப் பிறகு வெள்ளைத் திரை, சனம் எழும்புகிற சத்தம். அவன் திரும்பி வந்த முகத்தை எங்களுக்குள் ஒருவரும் கண்டதில்லை. அவனைக் கரையேற்றி விட்டது நாங்கள்தான்.

உங்களோடு தியேட்டரில் ரிக்கெற் கிழித்த சூசை அண்ணையும் அங்கேதான் இருந்தார். அவர் பெரிதாகக் கதைக்கிறவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். தனக்குத்தானே சொல்வதுபோல, உங்கள் பெயரை எடுத்து, "அப்ப அருளப்பு சொன்ன கிழிஞ்ச றீல் அதுதானோ?" என்றார்.

பிறகு எல்லாம் வெளியில் வந்தது. கடைசி றீல் கிழிந்து வந்திருக்கிறது, மெஷினில் ஏற்றினால் எரிந்துவிடும் என்று நீங்கள் முதலாளிக்குச் சொன்னீர்களாம். அது இல்லாமலே படம் முடிகிறது, ஒருவருக்கும் தெரியாது என்றீர்களாம். படம் ஓடி முடியும்வரை அந்த ஒரு தகரப்பெட்டி மூலையில் திறக்காமல் கிடந்ததாம். பிறகு பெட்டிகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டன. அந்தப் படமும் எங்கள் பக்கம் திரும்ப வரவேயில்லை.

ஒருத்திக்கு மறைப்பதற்கு ஊருக்கே மறைத்திருக்கிறீர்கள். மாமி ஒரு நாள்தான் வந்து பார்த்தார். ஆனால் மற்ற நாள் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கிணற்றடியில் யாராவது ஒருத்தி முடிவைச் சொல்லிவிடுவாள். அதனால் எல்லாக் காட்சியிலும் எடுத்துவிட்டீர்கள். அப்பா, எங்கிருந்து வந்தது உங்களுக்கு இந்தத் துணிச்சல்?

எனக்கு இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது. புதுப் படம் வந்தால் காலையில் வெறும் தியேட்டரில் நீங்கள் தனியே ஓட்டிப் பார்ப்பீர்கள். ஒரு நாள் அப்படிப் போய் வந்து, கண் சிவந்து கிணற்றடியில் இருந்தீர்கள். ஏனப்பா என்று கேட்டேன். மெஷினில் எரிகிற காபன் புகை கண்ணுக்குள் போய்விட்டது என்றீர்கள். நான் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் மொண்டு தந்தேன். அந்தப் படம்தானே அது? மாமா உங்கள் கூட்டாளி. அக்காவுக்காக மட்டும்தான் மறைத்தீர்களோ, இல்லை அந்தத் துண்டு வருவதை ஒவ்வொரு காட்சிக்கும் நீங்களே பார்க்க முடியாமல்தான் மறைத்தீர்களோ?

அதுவரைக்கும் நான் பொறுப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. மண்டைதீவில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் மாமியைக் கலியாணம் கேட்டு உங்களிடம் ஆள் அனுப்பினாரே, ஞாபகம் இருக்கிறதா? பெண்சாதி செத்த மனுசன், குடிக்காத மனுசன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே மாமியிடம் கேட்டீர்கள். நான் அடுப்படியில் நின்றேன். மாமி கோபப்படக்கூட இல்லை. "படத்திலை அவள் பொறுத்திருந்தவள், அவன் வந்தவன். நான் மட்டும் ஏன் அவசரப்பட வேணும், தம்பி?" என்றார்.

அன்றைக்கு நீங்கள் வாயைத் திறந்திருக்கலாம். கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனீர்கள். மாமிக்கு அப்போது தலையில் ஒரு நரை இல்லை.

சூசை அண்ணை சொல்லி முடித்ததும் மாமி எழும்பினார். "தம்பியோ?" என்று மட்டும் கேட்டார். சாக்கை உதறி மடித்துக்கொண்டு உள்ளே போனார். ஊர்ச் சண்டையெல்லாம் போட்ட றெஜினா அக்கா ஒரு மூலையில் இருந்து அழத் தொடங்கினார். சூசை அண்ணை தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

கொட்டிலில் மாட்டியிருக்கிற உங்கள் படத்துக்கு முன்னால் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று எரியும். மண்ணெண்ணெய் என்ன விலை விற்றாலும் மாமி அதை அணையவிட்டதில்லை. அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்க, "இருட்டிலை கிடக்கட்டும். அவனுக்கு இருட்டுப் பழக்கம்தானே" என்றார். உங்களை மாமி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. மாமி கோயிலுக்கு வெளிக்கிடவில்லை. அந்தோனியார் காத்திருப்பாரே மாமி என்று பகிடி போலச் சொல்லிப் பார்த்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. சாப்பாடும் பேருக்குத்தான்.

புதன்கிழமை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார். "அந்தத் துண்டைக் கையிலை வாங்கினாப் பிறகு, அந்தப் பெட்டை என்ன செய்தவள்?"

எனக்கு எப்படித் தெரியும்? காணி முழுக்கக் கேட்டேன். சூசை அண்ணையிடம் கேட்டேன். பக்கத்து ஊர் ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. இந்தக் குடாநாட்டில் அந்த றீலைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். வெறும் தியேட்டரில் தனியே பார்த்தது நீங்கள்தான்.

சொல்லுங்கள் அப்பா. அந்தத் துண்டை முகத்தில் வைத்து அழுதாளா? ஆற்றில் விழுந்தாளா? இல்லை, வீட்டுக்குத் திரும்பிப் போய் உலை வைத்தாளா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மாமி சாப்பிடாமல் இருந்தார். நீங்களோ ஒன்றும் சொல்லாமல் செத்துப்போனீர்கள்.

எனக்குத் தெரியவில்லை மாமி, அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். மாமி அரிசி புடைத்த சுளகை ஒரு பக்கம் வைத்தார். பிறகு, "சரி. அவள் செய்ததை அவள் செய்திருப்பாள். நீ சீலையை மாத்து, சுவாமியிட்டைப் போவம்" என்றார்.

உங்கள் மருமகன் சைக்கிளை நிமிர்த்தித் தந்தார். மாமியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு நான்தான் உழக்கினேன். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தார், மற்றக் கை தாலிக்கொடியில் இருந்தது.

இந்தக் கோயிலில் இருக்கிற பங்குச் சுவாமி இளம் ஆள். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. பூசைக்குப் பெயர் கேட்டார். மாமி மாமாவின் பெயரை முழுதாகச் சொன்னார். அந்த வாயால் அந்தப் பெயரைப் பூசைக்குச் சொன்னபோது நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவாமி எழுதிவிட்டு, "எப்ப தவறினவர், அம்மா?" என்று கேட்டார்.

"போன ஞாயிற்றுக்கிழமை, சுவாமி."

சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு, ஆறுதலாக ஏதோ சொன்னார். புதிதாகப் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்குச் சொல்வதைத்தான் சொன்னார். மாமி தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். முப்பது வருஷத்தில் மாமிக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதில்லை. அப்போதுதான் அழுதார்.

எழும்பி வாசல்வரை வந்துவிட்டோம். மாமி நின்றார். என் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

"சுவாமி, அருளப்பு எண்டு இன்னொரு பேரும் போடுங்கோ. என்ரை தம்பி. அவரின்ரை பேரை முதலிலை வாசியுங்கோ, தம்பியின்ரை பேர் எல்லாருக்கும் கடைசியா வரட்டும். அவனும் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

வருகிற சனிக்கிழமை காலைப் பூசை. காணிச் சனம் முழுவதும் வருகிறது. றெஜினா அக்கா இப்போதும் அவன் கண்ணைத் துடைத்தவன்தான் என்கிறார், ஆனாலும் வருவாராம். தாலியை என்ன செய்யப்போகிறார் என்று மாமியிடம் நான் கேட்கவில்லை. விளக்கு இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. அதை எடுத்து வந்து உங்கள் முன்னால் வைப்பதாக இருந்தால் மாமிதான் வைக்க வேண்டும். நான் தொடமாட்டேன்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன் அப்பா. நல்லதுக்கென்றாலும் சரி, நெஞ்சு வெடித்தாலும் சரி, மாமிக்கு இனி நான் ஒன்றையும் மறைக்கமாட்டேன். சனிக்கிழமை உங்கள் பெயர் வரும்வரை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நிற்பேன். நீண்ட பட்டியலாம், சுவாமி சொன்னார். அதுவரை பொறுத்திருங்கள்.

உங்கள் கண்ணில் போனது காபன் புகை என்று நம்பித் தண்ணீர் மொண்டு தந்த,
உங்கள் மூத்த மகள்.