பட்டியலில் இல்லாத கேக்

இன்று காலை எதிர்வீட்டு டீச்சரின் மகள் தன் நாயோடு வந்து ஒரு பையை நம் வராந்தாவில் வைத்தாள். உள்ளே அவளுடைய துவைக்காத மேல்சட்டை. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் நாய் முடியும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் நீ வந்து பக்கத்தில் நின்றாற்போல் இருந்தது. அழுக்குத் துணியைக் கேட்டு வாங்கி வைத்தவள் ஷாதிபூரில் நீ ஒருத்திதான்.

டிசம்பர் விடுமுறை வந்தால் தெருவில் பாதிப் பேர் தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிடுவார்கள். அவர்களுடைய நாயும் பூனையும் கிளியும் நம் வீட்டுக்கு வரும். "சோறு நான் போட்டுக்கறேன். நீங்க போட்டுக் கழட்டின துணி ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. உங்க வாசனை இருந்தாத்தான் அது சாப்பிடும்" என்பாய். எதையெல்லாம் தின்னக் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்லச் சொல்ல, எண் போட்டு எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியது நான். சாக்லேட், வெங்காயம், கோழி எலும்பு, திராட்சை என்று மொத்தம் ஒன்பது.

அந்த வருஷம் டீச்சர் தன் நாய் மோத்தியை நம்மிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக் கப்பல் ஏறினார். மறுநாளே உன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று நீ பக்கத்துத் தீவிலிருக்கும் ஹட் பேக்குப் போனாய். எனக்கு நாய் என்றால் பயம். பயம் வந்தால் எதையாவது சுத்தம் செய்வேன். வராந்தாவைக் கழுவினேன். டீச்சர் கொடுத்திருந்த பழைய சேலையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, மடித்து மோத்தியின் அருகே வைத்தேன். மோத்தி அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது. அதன் பிறகு சோறு, மீன், பால் எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். பக்கத்து வீட்டிலிருந்து கேக் வந்தது. கறுத்து, கனமாக இருந்தது. மோத்தி தலையைத் தூக்கியது. நான் போய்ப் பட்டியலைப் படித்தேன். ஒன்பதிலும் கேக் இல்லை. இன்னொரு முறையும் படித்தேன். பிறகு முழுத்துண்டையும் போட்டேன். அது தின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ திரும்பியபோது மோத்தி வாந்தியெடுத்துக் கிடந்தது.

"என்னங்க குடுத்தீங்க?"

"கேக்."

"அதுல கிஸ்மிஸ் இருக்குமே! திராட்சைன்னு உங்க கையாலதானே எழுதினீங்க? காய்ஞ்சா அது வேற பழமா?"

ஆட்டோவில் அதை மடியில் போட்டுக்கொண்டு ஓடினாய். சிறுநீரகம் கெட்டுப்போகலாம் என்றார் டாக்டர். நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தது. ஆனால் பழைய மோத்தியாக இல்லை.

ஊரிலிருந்து வந்த டீச்சர் வெளியே நின்று கத்தினார். "வாயில்லா ஜான்வர்தானேன்னு நினைச்சீங்களா? யாரு குடுத்தது?" நான் அறைக்குள் இருந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் உன் குரல் கேட்டது. "நான்தான் டீச்சர். தெரியாமக் குடுத்துட்டேன்."

அதோடு யாரும் உன்னிடம் ஒரு கிளியைக்கூட விடவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க சொல்லியிருந்தா பத்து நாள் சாப்பிடமாட்டீங்க. ஒரு ஜீவன் பட்டினி கிடந்ததே போதும்" என்று சிரித்தாய். பதினான்கு டிசம்பர் அப்படியே போயிற்று. இந்த ஆடியில் நீயும் போய்விட்டாய்.

இன்று வந்த பெண் சொன்னாள்: "ஆன்ட்டி இருந்தவரைக்கும் இங்க விடவே கூடாதுன்னு மம்மி சொல்லிட்டாங்க. இப்ப பரவால்ல அங்கிள். நீங்க எல்லாம் எழுதிவச்சு பக்காவா செய்வீங்க. ஷேரு உங்களுக்குத் துணையாவும் இருப்பான்."

ஷேரு என் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தது. எனக்குப் பயமாக இல்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த விடுமுறைக்கு வீட்டில் ஓர் உயிர் இருந்திருக்கும்.

"மோத்திக்குக் கேக் கொடுத்தது ஆன்ட்டி இல்லையம்மா, நான்" என்றேன். சேலையைத் துவைத்ததையும் சொன்னேன்.

"சச்சீ, நிஜமாவா? இத்தனை வருஷம் ஆன்ட்டி செய்யாத தப்புக்கா பேச்சு கேட்டுக்கிட்டிருந்தாங்க?"

"ஆமாம்."

ஷேருவின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். பிறகு பையை எடுத்தாள். "சாரி அங்கிள். இவனை புரோத்ராபூர்ல ஃப்ரெண்டு வீட்ல விட்டுக்கறேன்." அதுதான் சரி என்றேன். அந்தத் துணியைத் துவைக்க வேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் சொல்லச் சொன்னேன்.

தெருவுக்குப் போனதும் மெயின்லேண்டிலிருக்கும் தாயைப் போனில் அழைத்தாள். "மம்மி, மோத்திக்குக் கேக் குடுத்தது ஆன்ட்டி இல்லையாம்... அரே, அங்கிளே சொன்னாரு மம்மி!" தெருவே கேட்கும்படி சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடையில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வைகளுக்கு நடுவில்தான் இத்தனை வருஷமும் நீ காய்கறி வாங்கி வந்தாய். வீட்டில் தக்காளி தீர்ந்துவிட்டது. வாங்கப் புறப்படுகிறேன்.