ஒரே நாளில் வந்த நான்கு செய்திகள்

நம் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் இன்று காலை ஆரஞ்சு நிறக் குழாய்களைச் சுருள் சுருளாக இறக்கி வைத்திருந்தார்கள். தேவாலா சாலையோரம் நெடுகப் பள்ளம் தோண்டிப் புதைக்கிறார்கள். வெட்டிய மண்ணின் வாசனை பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தது. என்ன வேலை என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி நெட்வொர்க்குங்க அம்மா. இனிமே இங்கிருந்து எந்த நாட்டு யூனிவர்சிட்டியோடவும் நேரா பேசிக்கலாம். மண்ணுக்கடியில போறதால மழைக்கும் அறுந்து போகாது" என்றாள், குடையோடு நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்ஜினியர்.

மழைக்கும் அறுந்து போகாது என்று அவள் சொன்ன பிறகு எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நாம் பழகத் தொடங்கியபோது நான் குன்னூரிலிருந்து வந்த தற்காலிக டைப்பிஸ்ட். வீட்டுக்காரர் இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் இருந்தேன். நீ தேயிலை நாற்றங்காலில் நாற்றுப் பைக்கு மண் நிரப்புகிறவள். 'சிலோன்காரப் புள்ள' என்றுதான் உன்னை எல்லாரும் கூப்பிட்டார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, புருஷனோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்தவள். உன் அம்மாவும் அதே கப்பலில் வந்திருக்க வேண்டியது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். திருத்திக்கொண்டு அடுத்த கப்பலில் வரட்டும் என்று அதிகாரி நிறுத்திவிட்டார். பாஸ்போர்ட் திருந்தி வருவதற்குள் கலவரம் வந்தது, கப்பலும் நின்றது. அதன் பிறகு நீ எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

"செத்திருந்தா தந்தி வந்திருக்கும்ல அக்கா" என்பாய். தந்தி கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. ஏழை நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கிற ஒரு திட்டம். ஹாலந்துக்காரர் ஒருவர் வந்து நான் டைப் அடிக்கிற ஆபீஸ் அறையில் அதைப் பொருத்தி, டெலிபோன் கம்பியோடு சேர்த்து, எனக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாயும் வெள்ளியும் நான் பெங்களூரில் இருந்த இணைப்பு மையத்துக்கு டயல் செய்வேன். ஈ இரைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாங்கள் அடித்து வைத்த செய்திகள் போகும், எங்களுக்கு வந்து காத்திருப்பவை இறங்கும். தேயிலை இலையில் கொப்புளம் போடுகிற நோயைப் பற்றித்தான் எல்லாச் செய்தியும். அதே நோயை ஆராய்கிற பல்கலைக்கழகம் ஒன்று கண்டியிலும் அந்தத் திட்டத்தில் இருந்தது. நம் பேச்சு ஹாலந்து போய் அங்கிருந்து கண்டிக்கு இறங்கும்.

இதை யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கையில் மண்ணோடு வந்து கதவோரம் நின்றாய்.

"அக்கா, அந்த மெஷின்ல கண்டிக்கும் போவுமாமே?"

"போகும் புள்ள. ஆனா நோவு பத்தி மட்டுந்தான் எழுதோணும்."

"எங்கம்மா பேரும் தோட்டத்துப் பேரும் மட்டும் போடுங்க. ரெண்டே வரி."

போட்டேன். நோய் அறிக்கையின் அடியில் மூன்று வரி. கண்டியில் அதைப் படித்தவள் ஒரு சிங்கள விரிவுரையாளர். விசாரித்துப் பார்க்கிறேன் என்று அடுத்த வெள்ளியே பதில் வந்தது. நான் படித்துச் சொன்னதும் நீ கம்ப்யூட்டரின் மேல் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அதில் உன் விரலின் செம்மண் ஒட்டியது. நான் துடைத்தேன்.

அந்தப் பதிலின் அச்சுப் பிரதி இயக்குநர் கையில் சிக்கியது. கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் பேசினார்.

"வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சிக்குன்னு கொடுத்ததும்மா இது. இதுல சொந்தக் கதை போனா திட்டத்தையே எடுத்துருவான். உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேன். அதைக் கெடுத்துக்காதீங்க."

"இனி நடக்காதுங்க சார்" என்றேன்.

அதற்கு இரண்டாவது நாள் பெருமழையில் மரம் சாய்ந்து டெலிபோன் கம்பி அறுந்தது. தேவாலாவில் மழை பிடித்தால் விடாது என்பது உனக்கும் தெரியும். இரண்டு வாரம் கம்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்கிடையில் இயக்குநர் சென்னைக்குக் கூட்டத்துக்குப் புறப்பட்டார். போகும்போது கம்ப்யூட்டர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "லைன் வந்தாலும் நான் வர்ற வரைக்கும் மெஷினைத் தொடாதீங்க" என்றார்.

அவர் போன மறுநாள் லைன்மேன் வந்து கம்பியை ஒட்டிவிட்டுப் போனார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஓசை சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் நாற்றங்காலிலிருந்து திரும்பும்போது நீ வந்தாய். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்ட, படிக்குக் கீழேயே நின்றாய்.

"லைன் கிடைச்சிச்சாக்கா?"

"இன்னும் வரல புள்ள."

உண்மையைச் சொன்னால் நீ கெஞ்சுவாய், கெஞ்சினால் நான் போட்டுவிடுவேன், போட்டால் வேலை போகும் என்று பயந்தேன். இரண்டு பிள்ளைகளோடு குன்னூருக்குத் திரும்பி யார் வாசலில் போய் நிற்பது என்று பயந்தேன். மறுநாளும் வந்தாய், அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும் அப்படித்தான். இப்படிப் பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாய்.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் வந்தார். ஹாலந்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், டயல் செய்யுங்கள் என்றார். அவர் தோட்டத்துக்கு இறங்கிப் போன பிறகு டயல் செய்தேன். கண்டியிலிருந்து நான்கு செய்திகள் என்று திரை காட்டியது. ஓடிப்போய் உன்னை அழைத்து வந்தேன். நான் முன்னாடியே படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. நல்ல சேதியை உன்னோடு சேர்ந்து படிக்கலாம் என்ற ஆசை. உன்னை ஸ்டூலில் உட்கார வைத்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

முதல் செய்தி. நீங்கள் குடியிருந்த தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், கலவரத்தில் எரிந்துவிட்டது. ஆனால் உன் அம்மா உயிரோடு வவுனியாப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார். அந்தக் கண்டிப் பெண் முகாமில் இருந்த பாதிரியாருக்கு ஆள் அனுப்பிக் கண்டுபிடித்திருக்கிறாள். இராமேஸ்வரத்துக்குப் படகில் ஒரு கூட்டம் புறப்படுகிறது, கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர்களை நம்பி வரமாட்டேன் என்கிறார். மகள்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிய வேண்டுமாம். மகள் கப்பலேறப் புறப்பட்ட அன்று அவள் முந்தானையில் நான் எதை முடிந்துவிட்டேன், அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள் என்றாராம்.

நீ எழுந்து நின்றுவிட்டாய். "சுக்கு. கப்பல்ல கொமட்டாம இருக்கச் சுக்கு முடிஞ்சு விட்டுச்சு. சுக்குன்னு அடிங்கக்கா. இப்பவே அடிங்க."

என் கண் அதற்குள் திரையில் கீழே போயிருந்தது.

"உக்காரு புள்ள. இன்னும் மூணு இருக்குது."

இரண்டாவது செய்தி, பதில் வரவில்லையே, அம்மா தினமும் கேட்கிறார் என்றது. மூன்றாவது, இந்த வெள்ளிக்கிழமை படகு புறப்படுகிறது, ஒரே ஒரு வார்த்தை அனுப்புங்கள் என்றது. அதன் தேதியைப் பார்த்தேன். நான் உன்னிடம் நாலாவது தடவையாக 'வரல' என்று சொன்ன நாள் அது. நான்காவது செய்தி சின்னது. படகு போய்விட்டது, அம்மா ஏறவில்லை. முகாமில் காய்ச்சல் பரவியிருந்தது. அதில் அம்மா ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். என்னை மன்னியுங்கள் என்று அந்தப் பெண் முடித்திருந்தாள்.

நீ அழுவாய் என்று காத்திருந்தேன். முந்தானை நுனியை எடுத்துப் பார்த்தாய். பிறகு சொன்னாய்.

"சுக்குன்னு அடிங்கக்கா."

"புள்ள..."

"போவட்டும். அம்மா கேட்டுச்சுல்ல. அந்தப் பொண்ணுக்கு நன்றின்னும் போடுங்க."

அடித்தேன். சுக்கு என்பதற்கு ஆங்கிலம் சட்டென்று வரவில்லை. காய்ந்த இஞ்சி என்று அடித்தேன். ஹாலந்து வழியாக அது கண்டிக்குப் போனது. அதன் பிறகு நீ அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமானது. என் பிள்ளைகள் படித்தார்கள். உன் மகள் கல்யாணத்தில் நான்தான் தாம்பூலத் தட்டு எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் அம்மாவுக்குப் படைத்த சோற்றை ஒரு தூக்கில் கொண்டுவந்து எனக்குத் தருவாய். "சாப்புடுங்கக்கா, சூடா இருக்கு" என்பாய். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், லைன் பதினொரு நாளும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடித்ததும் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாய். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. பிறகு உனக்கு நெஞ்சு வலி வந்து, கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, உன் மகளிடம் சொன்னேன். உன்னிடம் சொல்ல முடியாததை அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று. அவள் ஈரப் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"அம்மாவுக்கு அது தெரியும் பெரிம்மா. கம்பி ஒட்டுன லைன்மேன் எங்க பக்கத்து ஊடுதான். அன்னைக்கே வந்து லைன் சரியாயிருச்சுன்னு சொல்லிட்டாராம்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். பெரிம்மா பயந்துட்டாங்க, ரெண்டு புள்ளைய வச்சிருக்காங்கன்னு அம்மா சொல்லும். நாளைக்குப் போட்டுருவாங்க, நாளைக்குப் போட்டுருவாங்கன்னு போய்க் கேட்டுச்சாம்."

பதினொரு சாயங்காலமும் தெரிந்துகொண்டேதான் அந்த மழையில் படிக்குக் கீழே நின்றிருக்கிறாய். ஒருநாள் அதட்டியிருந்தால், ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்திருந்தால் நான் டயல் செய்திருப்பேன். நீ கேட்டுவிட்டு, நான் பொய் சொல்லி முடிக்கிற வரை நின்று, "சரிக்கா" என்று போனாய்.

உன் அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. கண்டிப் பெண்ணின் முகத்தையும் பார்த்ததில்லை. உன் முகம்கூட இந்த ஒரு வருஷத்தில் கொஞ்சம் மங்கிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் மங்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்றங்கால் ஆட்கள் என் வீட்டு வழியே திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறேன். யாரும் இல்லாத படியைப் பார்த்து வாய் தானாகச் சொல்கிறது.

"கிடைச்சிருச்சு புள்ள. நேத்தே கிடைச்சிருச்சு. உள்ள வா, என்ன அடிக்கோணும்னு சொல்லு."