அக்ரம் கேட்ட கடைசிக் கேள்வி

சாய்ந்தமருது
ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி சுஜிந்தனுக்கு,

சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே நீங்களும் மனைவியும் மகள் யதுசாவும் அந்தக் குளிர் நாட்டில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறைவன் கிருபையால் நாங்களும் சுகம். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவது கோபம்.

நான்தான் அக்ரம். இணையத்தில் நீங்கள் நடத்தும் நீச்சல் குழுவில் இரண்டு வருடமாக நீங்கள் மச்சான் போட்டுக் கதைத்த அதே அக்ரம். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிடத்துக்குள் நீங்கள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய அதே ஆள். அன்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தத்தளிக்கிற ஆள் முன்பக்கமாக வந்து கழுத்தைக் கட்டிப் பிடித்தால், இரண்டு பேரும் தப்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை. செப்டெம்பர் ஆறாம் திகதி ஐந்து பெண்கள் என்னை நம்பித் தண்ணீரில் இறங்குகிறார்கள். அதற்கு முன் எனக்கு அந்தப் பதில் வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதுக்கு வருகிறேன். அக்ரம் என் மகன். கொழும்பில் படிக்கிறான். புதுப் போன் வாங்கியதும் பழையதை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அவன் பெயரில் இருந்த கணக்கோடுதான் நான் உங்கள் குழுவுக்கு வந்தேன். பட்டியலைப் பார்த்தால் அறுபது பேரும் ஆண்கள். பெண் பெயரில் போய் நின்றால் நாலு பேர் நீச்சல் சொல்லித்தர வருவார்கள், மிச்சப் பேர் வேறு எதற்கோ வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வினோஜ் பெண்சாதிமாரைப் பற்றிப் பகிடி விட்டபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்புப் பொம்மை போட்டேன். அது பொய், அது பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அங்கே சந்தோசமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில் என்னை யாரும் பகிடி பண்ணுவதில்லை தம்பி. பாடசாலையில் கணக்கு டீச்சர், வீட்டில் உம்மா. உங்கள் குழுவில்தான் ஒருவன் என்னைக் கருவாடு என்றான். எனக்கு மிதக்க வரவில்லை, உடம்பு தாழ்ந்து போகிறது என்று நான் எழுத, கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் ஊறும் மச்சான், நீந்தாது என்று கனடாவிலிருந்து வினோஜ் எழுதினான். சுடுதண்ணீர்த் தடாகத்தில் நீந்துகிறவன் மீன் இல்லை, அவித்த முட்டை என்று நான் திருப்பிக் கொடுத்தேன். குளத்தில் முதலை வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, கால் உதைப்பைத் திருத்த அதைவிட நல்ல மாஸ்டர் கிடையாது என்று நீங்கள் எழுதினீர்கள். அதை வாசித்து அடுப்படியில் தனியே நின்று சிரித்ததில் ரொட்டி கருகிப்போனது.

பகிடிக்கு நடுவே நீங்கள் சொல்லித்தந்ததை நான் ஒன்றுவிடாமல் செய்தேன். தலையைத் தூக்காதே, தூக்கினால் கால் தாழும். காது இரண்டும் தண்ணீருக்குள் போகட்டும். சைக்கிள் மிதிக்கிற மாதிரி முழங்காலால் அடிக்காதே, இடுப்பிலிருந்து உதை. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடி, மேலே வருவது எடுப்பதற்கு மட்டும். அடுப்படியில் பேசினில் தண்ணீர் நிரப்பி முகத்தைப் புதைத்து, குமிழி விட்டுப் பழகினேன். கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை உதைத்துப் பழகும்போது என் கணவர் பளீல் ஓடி வந்து, “என்ன புள்ள, வலிப்பா?” என்று என் வாயில் கரண்டி வைக்கப் பார்த்தார். எனக்கு இடது தோள் பாதிதான் சுழலும். பழைய காயம். அதைச் சொன்னபோது நீங்கள் பகிடி விடவில்லை. மூன்று நாள் யோசித்து, வலது பக்கம் சரிந்து நீந்துகிற ஒரு முறையைப் படம் கீறி அனுப்பினீர்கள். அந்தப் படம் இன்னும் என் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

பிறகு வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலை ஒட்டிய சின்னக் குளத்தில் இறங்கினேன். எருமைகள் இறங்குகிற குளம், முதலை இல்லை. பளீல் அணைக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார், வழியில் யாரும் வந்தால் இருமுவார். அங்கேதான் ஒன்று விளங்கியது. நீங்கள் சொல்லித்தந்தது எல்லாம் அரைக்காற்சட்டை போட்டவனுக்கு. என் அபாயாவுக்குள் தண்ணீர் புகுந்து பலூன் மாதிரி ஊதி, பிறகு மண்மூட்டை மாதிரி இழுத்தது. கேட்பதற்கு வாய் இல்லை, அக்ரம் எங்கே அபாயா உடுத்தான்? கணுக்காலிலும் மணிக்கட்டிலும் இலாஸ்டிக் வைத்து மூன்று முறை தைத்துப் பிரித்து நானே கண்டுபிடித்தேன். இப்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போய்வருவேன். அதைப் பார்த்துத்தான் என்னோடு படிப்பிக்கிற சுல்பிகா டீச்சரும் இன்னும் மூன்று பேரும் தங்களுக்கும் சொல்லித்தரச் சொன்னார்கள். சிறுபோக அறுவடை முடிந்து வயலில் ஆள் நடமாட்டம் இல்லாத நாளாகப் பார்த்து ஆறாம் திகதியைக் குறித்தோம்.

ஆட்களை இறக்கப்போகிறேன் என்றால் அவர்களில் ஒருத்தி பயந்து என்னைப் பிடிப்பாள். அதனால்தான் அன்று கேட்டேன். என்ன வந்தது? வினோஜ் எழுதினான், “ஆர் மச்சான் அந்தப் பெட்டை? கழுத்தக் கட்டிப் புடிச்சா விட்டுராத, குடுத்து வச்சவன்டா நீ” என்று. இருபத்து மூன்று பேர் சிரித்தார்கள். கலியாணச் சாப்பாடு எப்போது என்று நீங்களும் கேட்டீர்கள். நான் போனைக் கீழே வைத்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினேன். நான் அக்ரம் இல்லை, அக்ரமின் உம்மா. அந்தப் பெட்டை என் தங்கை, அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வரி.

பிறகு உங்களிடமிருந்து தனியாக ஒரு செய்தி. மனப்பாடமாக இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். “அக்கா, மன்னிச்சிக் கொள்ளுங்க. உங்கட மார்க்கத்துக்கும் மரியாதைக்கும் இந்தக் குழு சரிவராது. நாளைக்கு உங்கட ஆக்கள் எங்களத்தான் பிழை சொல்லுவாங்க. உங்கட நன்மைக்குத்தான் எடுத்து விடுறன்.” நான் ஒரு சொல் திருப்பி எழுதுவதற்குள் என் எண்ணை அடைத்துவிட்டீர்கள்.

என் மார்க்கத்தை எனக்குச் சொல்லித்தர நீங்கள் யார் தம்பி? அக்ரம் முஸ்லிம் என்பது இரண்டு வருடமும் உங்களுக்குத் தெரியும். நோன்பு காலத்தில் எத்தனை மணிக்குப் பயிற்சி செய்தால் களைக்காது என்று நீங்களாகவே அட்டவணை போட்டுத் தந்தீர்கள். அப்போது குறுக்கே வராத மார்க்கம், அக்ரம் பெண் என்றதும் ஓடி வந்துவிட்டதா? என் புருசன் அணைக்கட்டில் காவல் இருக்கிறார், என் தலை மூடித்தான் இருக்கிறது, என் அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்வேன். உங்களுக்கு வந்தது மரியாதை இல்லை, பயம். பக்கத்துக் காரைதீவுத் தமிழ்ப் பொடியனுக்கு எங்கள் முஸ்லிம் ஊரைப் பற்றி என்ன பயம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும், எங்களுக்கும் உங்கள் ஊரைப் பற்றி அது உண்டு. அதற்காக ஒருத்தியைப் பாதி ஆற்றில் விட்டுவிட்டுக் கரையேறுவார்களா? உங்கள் தொழில் என்ன? உயிர்காப்பாளர். சுவிஸில் அந்தத் தடாகத்துக் கரையில் விசில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, மூழ்குகிறவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் ஆள் என்று விசாரித்துவிட்டா குதிக்கிறீர்கள்?

யூடியூபில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். அதில் மூழ்குகிற மாதிரி நடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே பிடிக்கிறார்கள். உண்மையாக மூழ்குகிற ஆள் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது எழுதுகிறேன். பளீலுக்கும் தெரியாது, என் உம்மாவும் தெரியாமலே மௌத்தாகிப் போனா. உங்கள் மீது இவ்வளவு கோபம் வராமல் இருந்திருந்தால் உங்களுக்கும் எழுதியிருக்க மாட்டேன்.

சுனாமி அன்று நானும் தங்கை நிஹ்லாவும் வீட்டுக்குள் இருந்தோம். இரண்டாவது தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. கால் எட்டவில்லை. இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. அவள் முன்னால் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இரண்டு பேரும் கீழே போனோம், வந்தோம், மறுபடி போனோம். மூன்றாம் முறை நான் அவளுடைய விரல்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக. தண்ணீர் பறித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் ஊரில் சொன்னேன். தோள் ஒரு மதிலில் அடிபட்டது அதற்குப் பிறகு. மதிலைப் பிடித்துக்கொண்டு நான் தப்பினேன். அவளைப் பிறகு காணவேயில்லை.

இதற்குத்தான் நீங்கள் இருபத்து மூன்று பேரும் சிரித்தீர்கள். உங்களுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, அது ஞாயம்தான். அவள் என் தங்கை, சின்னப் பிள்ளை என்று தெரிந்த பிறகு விரட்டினீர்களே, அது ஞாயமில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் அம்மா தங்கேஸ்வரி, பள்ளிக்கூட வீதியில் இடியப்பம் விற்கிறா என்று நீங்களே ஒருமுறை பெருமையாக எழுதியது உதவியது. சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. உங்கள் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, நான் சொன்ன எல்லாவற்றையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டா. நிஹ்லாவைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. பிறகு உங்களை நல்லாய் ஏசினா. அதை இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறவன், பெற்ற தாய்க்கு ஒரு நாளாவது காலை நனைக்கச் சொல்லித்தந்தானா என்று கேட்டா. சுனாமிக்குப் பிறகு உங்கள் அம்மா கடற்கரைக்கே போகவில்லையாம், வீட்டிலிருந்து இருநூறு மீற்றர் தூரம்கூட இல்லை. பிறகு, தானும் ஆறாம் திகதி குளத்துக்கு வருவதாகச் சொன்னா. நான் வேண்டாம் என்றேன். அறுபத்து மூன்று வயது, பிரசர் வேறு. கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு அனுப்புகிற மிளகாய்த் தூளுக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் நடுவில் வருகிறது. நாளைக்கு சுவிஸுக்குப் பறக்கிற உங்கள் மச்சாளிடம் அம்மா தன் கையாலேயே கொடுக்கிறா. கடிதத்தை அவ வாசிக்க மாட்டா என்று எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறா.

நான் வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து உங்கள் அம்மா சொன்னதையும் எழுதுகிறேன். “எனக்குத் தண்ணியெண்டா பயம் பிள்ள. பயத்தில உன்ட கழுத்த நான் புடிச்சிருவன், மறுகா நீயும் தண்ணிக்குள்ள தாண்டு போவாய். அப்பிடிப் புடிச்சா என்ட கையக் கழட்டி விட்டுட்டு நீ ஏறிரு. எனக்கு வயசு போயிற்று, ஆரும் உன்னக் குறை சொல்ல மாட்டாங்க.”

கையைக் கழற்றிவிட எனக்குத் தெரியும் தம்பி. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். மற்றதை எனக்குச் சொல்லித்தாருங்கள். குழுவில் சேர்க்க வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், அக்கா என்றும் அழைக்க வேண்டாம். என் இடது தோள் எவ்வளவு சுழலும் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மாவின் எடை உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டையும் வைத்து ஒரு படம் கீறி, ஆறாம் திகதிக்கு முன் அனுப்புங்கள். உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு உயிரையும் கரைசேர்க்க அல்லாஹ் உங்களுக்குப் பலம் தர வேண்டும் என்று துஆச் செய்கிறேன். உங்கள் அம்மாவை நான் விடமாட்டேன். விடாமல் இருப்பது எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜுனைதா