நிற்கக் கூடாத பெட்டி

செவ்வாய், இரவு.

பக்கத்து வீட்டுச் சீனத்தி ஆ லான் ஈப்போவுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். அங்கே, செத்துப்போன அவள் மகனின் படத்துக்கு முன்னால் புத்த மந்திரம் ஓதும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆ லான் தமிழ்க் கடைகள் நிறைந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள்.

"செத்து நாப்பத்தொம்போது நாளு வரைக்கும் இது நிக்கவே கூடாதுக்கா. பேய் வெரட்ட இல்லலா. இத கேட்டுத்தான் பையன் வழி கண்டுபிடிப்பான்."

இன்று மத்தியானம் எனக்குத் தலைவலி. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. போய் அணைத்துவிட்டு வந்து படுத்தேன். எழுந்து ஓடிப்போய்ப் போடுவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

சாயங்காலம் அவள் போனில் கூப்பிட்டாள். "நிக்காம ஓடுதாக்கா?"

"ஓடுதுலா" என்றேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பையன் எந்தப் பக்கம் போனானோ. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் வீடு பூட்டியிருந்தால், நேராக என் வீட்டுக்குத்தான் வருவான்.