மாசாணியம்மன் கோயிலில் அரைக்காத மிளகாய்

பொள்ளாச்சி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி தமிழ்ச்செல்வனுக்கு,

அக்கா மயிலாத்தாள் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். புனேயில் விடாமல் மழை என்று கிருபா சொன்னாள். ஈரத் தலையோடு படுக்காதே. உன் மச்சானுக்குக் கொப்பரைக் களத்தில் ஓயாத வேலை. முட்டி வலி மட்டும் குறையவில்லை.

போனில் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "மீட்டிங்குக்கா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட உனக்கு மீட்டிங். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை மடித்து வைத்தாலும் எழுத்து உள்ளேயே இருக்கும்.

முதலில் உன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரம் இரண்டு நாள் பிள்ளை இளவேனிலைக் கோயமுத்தூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறாள். பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளைக்கு ஆகாது, அலறிவிடும். கிருபா ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் இரண்டு கையாலும் அதன் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். டிக்கெட் எடுக்கக் கை ஏது? கண்டக்டரே அவள் பையைத் திறந்து காசை எடுத்துக்கொண்டு மீதியைப் போடுகிறார். "உங்க தங்கச்சிங்களா? நானா இருந்தா மூணாம் நாளே விட்டிருப்பேனுங்க" என்று என்னிடம் சொன்னார். தம்பி பெண்டாட்டி என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் கம்பெனி இன்சூரன்சில் ஆட்டிசத்துக்கான பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் பணம் உண்டு என்று கண்டுபிடித்ததும் அவள்தான். பாலிசிக் காகிதம் நாற்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். பருப்பு வேகிற நேரத்தில் இரண்டு பக்கம், பிள்ளை தூங்குகிற நேரத்தில் நாலு பக்கம் என்று படித்து முடித்தாள். நான் எழுத்துக் கூட்டி எழுதப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகு, பால் கணக்குக்காக. எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அவள் அனுப்பிய காகிதம் திரும்பி வந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் குறையில்லை என்று எழுதியிருக்கிறார், எட்டு மாதம் கழித்து இன்னொருவர் ஆட்டிசம் என்கிறார், எது நிஜம் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அரைக் கிலோ வரமிளகாயை வாங்கிக்கொண்டு ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். அநியாயம் செய்தவர்களை நினைத்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் மாசாணியம்மாள் கேட்பாள் அல்லவா? அந்த இன்சூரன்ஸ்காரர்களை நினைத்து அரைக்கத்தான் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கை ஓடவில்லை, தம்பி. அந்த முதல் டாக்டரின் சீட்டு எப்படி வந்தது என்று உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு நான்தான் கிருபாவோடு போயிருந்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புமா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுமா என்று டாக்டர் கேட்டார். கிருபா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எல்லாஞ் செய்யுமுங்க. புது ஆளுன்னா கூச்சம். இவங்கப்பனே நாலு வயசுலதானுங்க பேசுனான்" என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதைப் போலச் சொல்லிப்போட்டேன். நீயோ ஒன்றரை வயதில் ஊரையே கூப்பிடுவாய். பெரியவள் பேச்சைத் தட்டக் கூடாதென்று அவள் தலை குனிந்துகொண்டாள். டாக்டர் நான் சொன்னதை எழுதினார். பிள்ளைக்கு எட்டு மாதம் வீணாய்ப் போயிற்று. யாரை நினைத்து மிளகாய் அரைப்பது?

பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். என் கணக்கு நோட்டில் பால் கணக்குக்குப் பக்கத்தில் தினமும் அம்மனுக்கு ஒரு வரி எழுதுவேன். ஒன்றரை வருடமாக, "இன்றும் கூப்பிட்டேன், திரும்பவில்லை தாயே" என்றேதான் எழுதியிருக்கிறேன். சாமியிடம் நிஜம், டாக்டரிடம் பொய். மறுநாளே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, கிருபாவையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போய், "நான் சொன்னது பொய்யுங்க" என்றேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கிருபாவிடம், "என்னை நாலு வார்த்தை திட்டிப்போடு அம்மணி" என்றேன். "திட்டறதுக்கு நேரமில்லீங் அண்ணி, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிக்கோணும்" என்று என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த மிளகாயில்தான் இப்போது குழம்பு வைக்கிறேன். காரம் அதிகம் என்று உன் மச்சான் சொல்கிறார்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பாலிசி உன் பேரில் இருப்பதால் உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து என்கிறார்கள். இதுவரை ஆன செலவுக்குக் கிருபாவின் இரண்டு வளையல் போய்விட்டது. நீ கேட்டால் பீரோவில் இருக்கிறது என்பாள்.

ஆட்டிசம் என்கிற பேரைக் காகிதத்தில் பார்த்தால் ஆபீசில் என்ன நினைப்பார்கள், நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உன்மேல் கோபமில்லை கண்ணு. அன்றைக்கு என்னை முந்திப் பேச வைத்ததும் அதே பயம்தான்.

இன்னொன்று. பிள்ளைக்கு எது வேண்டுமோ அந்தப் படம் ஒட்டிய அட்டையை எடுத்து நம் கையில் தர வேண்டும், அதுதான் பயிற்சி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் கிருபாவே அட்டை செய்திருக்கிறாள். தண்ணீர், வாழைப்பழம், ஊஞ்சல் எல்லாம் இப்போது கேட்கிறது. நான்கு நாளாகப் பிள்ளை உன் போட்டோ ஒட்டிய அட்டையை எடுத்து வந்து என் கையில் வைக்கிறது. தண்ணீர் கேட்டால் மொண்டு கொடுத்துவிடுகிறேன். இதற்கு நான் எதைக் கொடுக்கட்டும்?

காகிதங்களை இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் கிருபா பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறாள். முடிந்தால் தபாலில் அனுப்பாமல் நீயே கொண்டு வா. மாசாணியம்மாள் உனக்கு நல்ல தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
மயிலாத்தாள்