நீ வைத்திருந்த மஞ்சள் எழுத்துகள்

இன்று காலை என் மடிக்கணினியில் புதிதாக ஒரு மென்பொருளை ஏற்றினேன். என்னைக் கேட்காமலே திரையின் நிறத்தை மாற்றி, எழுத்தைச் சுருக்கி, எல்லாவற்றையும் தனக்கு வசதியாகப் பண்ணிக்கொண்டது. வந்த விருந்தாளி நம் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்ட மாதிரி. வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். பாதியிலேயே உன் நினைவு வந்துவிட்டது.

நாம் ஒரே வகுப்பு. நான் பாலக்காட்டுக்கு வந்து கணினி நிரல் எழுதக் கற்றேன். நீ மலையில் சின்னக்கானல் பக்கம் ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் கிளார்க் ஆனாய். ஆட்களின் வருகைப் பதிவுக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது என் பெயரைச் சொன்னவள் நீ. நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது.

உன் கணினியைப் பார்த்ததும் சிரித்தேன். கறுப்புத் திரையில் கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் எழுத்து.

"என்னடி, பஸ் போர்டு மாதிரி வச்சிருக்க?"

நீ கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாய். "கண்ணு மங்கிட்டே வருது புள்ள. இப்படி வச்சாத்தான் தெரியுது. ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். ஆபீசுக்குத் தெரிஞ்சா நாற்காலி போயிரும்."

தெரிந்தும் நான் என்ன எழுதிக்கொண்டு வந்தேன்? என் அட்டவணை அழகாக அடங்க வேண்டுமென்று வெள்ளைத் திரை, பொடி எழுத்து. அதுவும் என் நிரலின் ஜன்னலுக்குள் மட்டுமில்லை, கணினி முழுக்க. மூடும்போது பழையபடி ஆக்கிவிடும் என்று பெருமை வேறு. அது ஆக்கியது, கடையிலிருந்து வந்தபோது கணினி எப்படி இருந்ததோ அப்படி. நீ வைத்திருந்ததை அது குறித்துக்கொள்ளவே இல்லை.

முதல் நாள் மேனேஜர் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒரு பெயரைப் படிக்கச் சொன்னார். நீ முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாய். இன்னும் அருகே. நிரலை மூடிப் பார்த்தாய், அப்போதும் வெள்ளைதான்.

"எந்தா, கண்ணு காணான் வய்யே?" என்று மலையாளத்தில் கேட்டார், கண் தெரியவில்லையா என்று.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கேபிளைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் உன்னை ஏலக்காய் ஸ்டோருக்கு மாற்றினார்கள். போனில் நீ கோபப்படவில்லை. "அடுத்தவங்க மேசையில ஒக்காந்தா, எந்திரிக்கும்போது அவங்க வச்ச மாதிரியே வச்சிட்டுப் போகணும். ஒன் புரோகிராமுக்கு அதைச் சொல்லிக் குடு" என்றாய். உடனே திருத்தி அனுப்பினேன். அதற்குள் உன் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள்.

இப்போது என் நிரல்கள் தம் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவதில்லை. நீட்டியே ஆக வேண்டுமென்றால் கேட்கும், இருந்ததைக் குறித்துக்கொள்ளும், போகும்போது அதையே திருப்பி வைக்கும். கூட வேலை செய்பவர்கள் என்னை மரியாதைக்காரி என்று கேலி செய்கிறார்கள்.

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தி எப்பவும் பெருமையாத்தான் பேசுவா" என்றார். அப்படியென்றால் வீட்டில்கூட நீ சொல்லவில்லை.

"எம் புரோகிராம்தான் சார் எழுத்தைச் சிறுசாக்கிருச்சு." அன்று இந்த ஒரு வரி போதும். திட்டு எனக்கு விழுந்திருக்கும், நாற்காலி உனக்கு இருந்திருக்கும். எனக்குக் கிடைத்த முதல் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். இன்னும் அந்த வரியை வாயில் வைத்துக்கொண்டே திரிகிறேன். உன் ரகசியத்தை நான் காப்பாற்றவில்லை. என்னுடையதை நீ கடைசிவரை காப்பாற்றினாய்.