நான்காவது கேள்விக்கு எங்கள் தெருவின் பதில்

1993 ஜூன் 6, ஞாயிறு

கத்தரி முடிந்து பத்து நாளாகிறது. வெயிலுக்கு அது தெரியாது போலிருக்கிறது. கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர், அதுவும் உப்பு.

ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் கோதண்டம். ரயில்வேயில் ரிட்டையரானவர், நகர் நலச் சங்கச் செயலாளர். (இனி கோ.) கையில் ஜெராக்ஸ் கட்டு. பூங்காவைச் சீர்ப்படுத்தப் போகிறார்களாம். வீடு வீடாகக் கருத்துக் கேட்க வேண்டுமாம்.

"நீங்கதான் மேடம் சரி. காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கறீங்க. நீங்க கேட்டா ஜனங்க உண்மையச் சொல்வாங்க."

பத்து வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். சங்கம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஏன்? லீவு என்று அவருக்குத் தெரியும். சாக்குத் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பூங்கா என்பது மூன்று மனை அளவு கட்டாந்தரை. இரண்டு வேப்பமரம், ஏணி உடைந்த சறுக்குமரம். மூலையில் அடிபம்பு. சுற்றுவட்டாரத்தில் உப்பில்லாத தண்ணீர் அதில் மட்டும்தான். பின்னால் ஏரிக்கரைக் குடிசைகள் முழுக்க அதை நம்பி.

கேள்விகள்:
1. ஊஞ்சல் வேண்டுமா?
2. சிமெண்ட் பெஞ்சு?
3. விளக்கு?
4. பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமா? ஆம் / இல்லை.

எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன்.

"எல்லாத்துலேர்ந்தும்தான் மேடம்."

மாணவி இப்படி ஒரு கேள்வித்தாள் தயாரித்து வந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஏரிக்கரையிலும் கேட்க வேண்டாமா என்றதற்கு, "அவங்க மெம்பர் இல்லையே" என்றார். தாளின் முதல் வரியே மனை எண். குடிசைக்கு மனை எண் ஏது.

கோ. போனதும் இவர், என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

ஜூன் 8, செவ்வாய்

பதினோரு வீடு. கால் வலி. குடை எடுக்க மறந்தேன்.

ஊஞ்சல் என்றால் யோசிக்கிறார்கள். பெஞ்சு போட்டால் கண்டவன் வந்து படுப்பான். விளக்கு வேண்டும், ஆனால் நம் ஜன்னலில் அடிக்கக் கூடாது. நான்காவதற்கு மட்டும் யோசனையே இல்லை. ஆம், ஆம், ஆம். யாரும் 'எதிலிருந்து' என்று கேட்கவில்லை. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

மூன்றாம் மனை ஸ்டெல்லா. மிடில் ஸ்கூல் டீச்சர், எங்கள் சபைதான். ஈரத்துணி சுற்றிய பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நல்ல ருசி.

"பம்புத் தண்ணிதான்க்கா. சரோஜா கொண்டுவந்து ஊத்திடுவா." (சரோஜா ஏரிக்கரை. ஸ்டெல்லா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் வேலை செய்கிறாள்.)

அப்புறம் குரலைத் தாழ்த்தி: "நாலாவதுக்கு ஆமான்னு போட்டுக்கங்க. காரணம் மட்டும் எழுதாதீங்க. காலையில அஞ்சு மணிக்கே குடமும் சண்டையும். காது குடுத்துக் கேட்க முடியல. சுவர் வெச்சு, கேட்டைப் பூட்டிட்டா நிம்மதி."

"அப்ப சரோஜா?"

"நம்ம சரோஜாவை விடுவாங்கக்கா. அவ நம்ம வீட்டுக்குத்தானே எடுக்கறா."

"அவள் வீட்டுக்கு?"

பானையை மூடினாள். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். செயலாளரிடமாம். சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது. "அப்ப நாமளும் சாவிக்கு அவர்கிட்டயே போய் நிக்கணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

'எழுதாதீங்க' என்று இன்று சொன்னவர்கள் ஏழு பேர். இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 10, வியாழன்

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். இவருடைய மாத்திரை.

மீதி வீடுகள் முடிந்தன. கடைசியாகத் தணிகாசலம். இந்த மனைகள் எல்லாம் அவர் குடும்பத்து நஞ்சை. விற்றுவிட்டு மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பூங்காவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நிலம் மிச்சம். இதற்கெல்லாம் பின்னால் இருப்பவர் அவர்தான் என்று இரண்டு நாளாக எனக்குச் சந்தேகம். சுவர் எழுந்தால் அவர் நிலத்துக்கு விலை ஏறும்.

"நாத்து வுட்ட எடத்துல ஊஞ்சல் கட்டலாமான்னு என்னையே கேக்க வந்துகீறீங்க" என்று சிரித்தார். நாற்காலி போடச் சொன்னார். நான்காவது கேள்விக்கு வந்தேன்.

"பூட்டணும். தண்ணி கீழ போய்க்கினே கீது. எல்லாரும் அடிச்சா நம்ம பக்கம் ஒண்ணும் நிக்காது. எழுதிக்கோங்க டீச்சர், என் பேரு போட்டே எழுதிக்கோங்க."

காரணத்தை எழுதச் சொன்னவர் இவர் ஒருவர்தான். எனக்கு என்னமோ போலாகிவிட்டது.

முப்பத்திரண்டு வீடு. முப்பத்தொரு தாளில் நான்காவதற்கு 'ஆம்'. மிச்சம் எங்கள் வீட்டுத் தாள். நிரப்பவில்லை. கேட்கப் போகிறவர் தன் கருத்தை நுழைக்கக் கூடாது. வகுப்பில் சொல்வதுதான்.

ஜூன் 11, வெள்ளி

தாள்களைக் கொடுக்கப் போனேன். கோ. உள்ளே போய்ச் சட்டை போட்டு வருவதற்குள் மேஜையில் கிடந்ததைப் படித்துவிட்டேன். நகராட்சிக்கு மனு. டைப் அடித்து ரெடி. 'நகரவாசிகள் அனைவரும் ஏகமனதாகக் கேட்டுக்கொள்வது.' சுற்றுச்சுவர், இரும்பு கேட், பூட்டு. அடிபம்பு நகரவாசிகளின் உபயோகத்துக்கு மட்டும். ஊஞ்சல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேலே தேதி ஜூன் 2. என்னிடம் அவர் வந்தது 6.

வந்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எங்கள் தாளில் நின்றார்.

"ஒண்ணும் எழுதலயே மேடம்?"

"எழுதவில்லை."

"பரவால்ல. ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கறோம். ஏகமனதுன்னு இருந்தாத்தான் நகராட்சில கையில எடுப்பாங்க. ஒருத்தர் மாட்டேன்னாலும் ஃபைல் தூங்கிடும், பாருங்க."

பார்த்தேன். பேசாமல் வந்துவிட்டேன். ஏன் பேசவில்லை? வழியில் கறிவேப்பிலை வாங்கினேன்.

ஜூன் 12, சனி

புழுக்கம். மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போயிற்று.

சரோஜா பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

"பம்புக்குப் பூட்டுப் போடப் போறாங்களாமேம்மா. நீதான் வூடு வூடா போய் எழுதிகினு வந்தியாமே."

"நான் கேட்கத்தான் போனேன் சரோஜா."

"பூட்டிட்டா எங்களுக்கு லாரித் தண்ணிதான். ரெண்டு நாளைக்கு ஒரு தபா வரும். வந்தா அடிதடி. எம் பொண்ணு மாசமா கீது. அந்தப் பொண்ணயா அனுப்புவேன்?"

துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எல்லாரையும் கேட்டியே, உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லை."

"சரி, நான் கேக்கறேன். நீ இன்னா சொல்ற?"

காப்பி கலந்து வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். பாத்திரம் பாதி துலக்கியபடி.

நடுநிலை என்று ஐந்து நாளாக நான் சொல்லிக்கொண்டது என்ன என்று இப்போது தெரிகிறது. தெருவில் யார் முகத்தையும் முறித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான். எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என்னை ஒருத்தியைத் தவிர.

ஜூன் 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். ஒரு பக்கம் எழுதினேன். கார்பன் வைத்து இரண்டு பிரதி.

மாலை ஐந்து மணிக்கு கோ. வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். இருபத்தைந்து பேர் இருக்கலாம். மைசூர்பாகு. கோ. மனுவை வாசித்தார். 'ஏகமனதாக' என்ற இடத்தில் எழுந்தேன்.

"மனை எண் பதினாலு. எனக்குச் சம்மதம் இல்லை. எழுதிக் கொண்டுவந்திருக்கேன். பம்பைப் பூட்டக் கூடாது. மனுவோடு இதையும் வைக்கணும்."

ஸ்டெல்லா சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ, "இந்தம்மாவுக்கு என்ன வந்துது?" தணிகாசலம் மட்டும் நேராக: "அன்னைக்கு வூட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல டீச்சர்?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

கோ. சிரித்தபடி வாங்கினார். நான்காக மடித்தார். ஃபைலில் வைக்கவில்லை, சட்டைப் பையில் வைத்தார். நகலை நீட்டினேன்.

"இதில் பெற்றுக்கொண்டேன்னு எழுதி ஒரு கையெழுத்து, சார்."

"நமக்குள்ள எதுக்கு மேடம் அதெல்லாம்?"

"நமக்குள்ளதான் சார் தேவைப்படுது."

பேனா இல்லை என்றார். இத்தனை பேரில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் தணிகாசலம் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "போட்டுக் குடுப்பா, நிக்கறாங்க இல்ல." போட்டார். தேதியை விட்டுவிட்டார். போடச் சொன்னேன். போட்டார். அதுவரை நான் உட்காரவில்லை. அப்புறம் உட்காரவும் தோன்றவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

நகல் பீரோவில், புடவைக்கு அடியில். எந்தப் புடவை என்று இவரிடம்கூடச் சொல்லவில்லை.